வாய்ப்பூட்டு

ராயபுரம்,
3 நவம்பர் 2025

அன்புத் தம்பி சாவியோவுக்கு அக்கா எல்சி எழுதுவது.

மாதா புண்ணியத்தில் முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. கப்பலில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, புறப்படும்போது இருந்த இருமல் விட்டதா என்று எழுது.

நீ சொன்னபடி போனைப் பீரோவில் புடவைக்கு அடியில் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்திருக்கிறேன். கதவில் நீ மாட்டிவிட்டுப் போன பூட்டு வீட்டில் பேசுவதையெல்லாம் ஒட்டுக்கேட்கும், போனும் அதற்குக் கூட்டாளி, அதனால் எதுவானாலும் கடிதத்தில்தான் என்றாய். எண்ணூர் ஏஜெண்ட் ஆபீசுக்குப் போட்டால் உன் தோஸ்து அமீர் கப்பலுக்குச் சேர்த்துவிடுவான் என்றாய். கோவில் பங்கு ஆபீசில் முப்பது வருஷமாக ஞானஸ்நானப் பதிவேடு எழுதுகிறவளுக்குக் கடிதம் ஒரு வேலையா?

ஆனாலும் கேட்கிறேன், பேரிலேயே சாவியை வைத்துக்கொண்டு சாவி இல்லாத பூட்டை எதற்கடா வாங்கினாய்? விரல் வேண்டாம், முகம் வேண்டாம், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம், குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்குமாம். முதல் குரலாக என்னுடையதைப் பதிந்தாய், அப்புறம் உன்னுடையது, அப்புறம் உன் பெண்டாட்டி கிறிஸ்டினாவுடையது. தெருவில் இதற்கு வாய்ப்பூட்டு என்று பேர் வைத்துவிட்டார்கள். அது பேசுவதோ மேடைத் தமிழ். "வருக, எல்சி அவர்களே" என்கிறது. எனக்குச் சிரிப்பு வருகிறது.

மாட்டிய பையன் மஜீது போன வாரம் வந்து ஒரு தடவை சொல்லிக்கொடுத்தான். "தோ பாருக்கா, வெளிய போசொல்ல 'போய்ட்டு வரேன்'னு சொல்லு, அதுவா பூட்டிக்கும். 'போறேன்'னு மட்டும் சொல்லிடாத. ஆளு வூட்டக் காலி பண்ணிகினு போய்ட்டாருன்னு அர்த்தம் எடுத்துக்கும். வாடகை வூடுங்களுக்கோசரம் வெச்சது அது."

"எங்க வூட்ல எவளும் போறேன்னு சொல்ல மாட்டா, நீ போய்ட்டு வா" என்று அனுப்பினேன்.

நேற்று கல்லறைத் திருநாள். காசிமேட்டுக்குப் போய் என் வீட்டுக்காரர், உன் மாமா இக்னேஷியசுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். தொண்டையில் குழாயோடு மூன்று வருஷம் கிடந்தவர், இப்போதாவது நிம்மதியாக இருக்கட்டும். கிறிஸ்டினாவையும் கூப்பிட்டேன், தலைவலி என்றாள். தலைவலிக்காரி பத்தரை மணிக்கு ஃபிளாஸ்கில் கஞ்சி ஊற்றிக்கொண்டு எங்கே கிளம்பினாள் என்று தெரியவில்லை. தினமும் கிளம்புகிறாள். உன் காதில் போட்டுவைக்கிறேன், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா எல்சி


கப்பலிலிருந்து,
14 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிக்குத் தைலம் தடவிக்கொள், படியில் மெதுவாக இறங்கு. நான் இருக்கிறேன். வேலை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது.

கடல் அமைதியாக இருக்கிறது. வேறு எழுத ஒன்றும் இல்லை.

கிறிஸ்டினா எங்கே போகிறாள், வருகிறாள் என்று பார்க்காதே அக்கா. அவளை விடு. போனை வெளியே எடுக்காதே.

உன் தம்பி,
சாவியோ


ராயபுரம்,
26 நவம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்த முறை வெறும் பேச்சுக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன். நீ இப்போது எங்கே இருக்கிறாய், எந்தத் துறைமுகம், அதை எழுது.

ஏனென்றால் நேற்று செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு நீ வீட்டுக்கு வந்திருக்கிறாய்.

இந்தப் பூட்டிடம் "யார் வந்தது?" என்று கேட்டால் சொல்லும் என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. ஆபீசிலிருந்து வந்து பார்த்தால் உன் நாற்காலி இடம் மாறியிருந்தது. சும்மா கேட்டுவைத்தேன். "சாவியோ அவர்கள். குரல் பொருத்தம் அறுபத்தொரு விழுக்காடு" என்றது. முந்தைய வாரங்களையும் கேட்டேன். அதற்கு முந்தைய செவ்வாய் எழுபது. அதற்கும் முந்தையது எழுபத்தெட்டு. மூன்று வாரமாக, நான் ஆபீசில் இருக்கும் நேரமாகப் பார்த்து, உன் குரலில் எவனோ கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறான்.

உட்கார்ந்து யோசித்தேன். நீ ஊரில் இல்லை. உன் குரல் மட்டும் இருக்கிறது என்றால் யாரோ அதைப் பதிவுசெய்து வைத்திருக்க வேண்டும். பதிவுசெய்ததைத் திரும்பத் திரும்பப் போட்டால் கரகரக்கும். அதனால்தான் வாரத்துக்கு வாரம் பொருத்தம் குறைகிறது. உன் குரலைப் பதிவுசெய்யக்கூடியவள் இந்த வீட்டில் யார்? நான் பேர் சொல்ல வேண்டியதில்லை. மார்ச்சில் கல்யாணம், ஜூலையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று வந்து நின்றவர்களை எத்தனையோ பார்த்தவள் நான். என்னிடம் யாரும் கதை விட முடியாது.

அடுத்த செவ்வாய் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு எதிரில் மீன் விற்கும் வேம்புவின் கூடைக்குப் பின்னால் நின்று பார்க்கப்போகிறேன். உன் பெண்டாட்டியிடம் மூச்சு விடவில்லை. உனக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

உடனே பதில் போடு.

அக்கா


ராயபுரம்,
11 டிசம்பர் 2025

தம்பிக்கு,

எனக்குச் சளி பிடித்திருக்கிறது. மழையில் நின்றால் பிடிக்காமல் என்ன செய்யும்? இரண்டு செவ்வாய்க்கிழமை நின்றேன். வேம்பு மீன் விற்றதைவிட என்னைப் பார்த்துச் சிரித்ததுதான் அதிகம். ஒருத்தனும் வரவில்லை.

எப்படி வருவான்? தெரிந்துவிட்டது. நான் நிற்பேன் என்பது எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். அப்படியென்றால் என் கடிதம் உன் கைக்கு வரும் முன்னே ஏஜெண்ட் ஆபீசில் பிரிக்கப்படுகிறது. அமீர் பிரிக்கிறான், அவளிடம் சொல்கிறான். அந்த அமீரே அவனாக இருந்தால்? தோஸ்து என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டாயே. உன் போன கடிதத்தின் உறையையும் எடுத்துப் பார்த்தேன். வெளிநாட்டு முத்திரை ஒன்றுகூட இல்லை, எண்ணூர் முத்திரைதான் இருக்கிறது. அதற்கும் அவன் ஏதாவது காரணம் வைத்திருப்பான்.

பதினைந்து நாளாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கஞ்சி ஃபிளாஸ்க் மட்டும் தினமும் போகிறது. எனக்கு மனசு கொதிக்கிறது. நீ கடலில் சம்பாதிக்க, உன் வீட்டில் எவனோ உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறான்.

கோபத்தோடும் கவலையோடும்,
எல்சி


22 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். சளிக்கு ஆவி பிடி. பதில் போடத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள், உட்கார்ந்து எழுத முடியாமல் இருந்தது.

அமீர் நல்லவன். உன் கடிதங்களை யாரும் பிரிக்கவில்லை. இனி அந்தக் குரல் நம் வாசலுக்கு வராது. இதை மட்டும் நம்பு.

ஜனவரி கடைசியில் நானே வீட்டுக்கு வருவேன். வந்ததும் எல்லாம் உனக்குத் தெரியும். அதுவரை எனக்காக ஒன்று செய் அக்கா. கிறிஸ்டினாவோடு சண்டை போடாதே. அவளுக்கு என்னையும் உன்னையும் விட்டால் யாரும் இல்லை.

எனக்காக ஒரு ஜெபமாலை சொல்.

சாவியோ


ராயபுரம்,
19 ஜனவரி 2026

அன்புத் தம்பி சாவியோவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்கிறேன். இப்போது சொல்லப்போவதைப் பதற்றப்படாமல் படி.

எட்டாம் தேதி காலையில் "ஜூடி வூட்டுக்குப் போய்ட்டு வரேன்" என்று வியாசர்பாடியில் இருக்கும் தங்கையைச் சொல்லிக் கிளம்பிய கிறிஸ்டினா ஒன்பது நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. இடையில் மீன் மார்க்கெட்டில் அந்த ஜூடியையே பார்த்தேன். "கிறிஸ்டினாவா? பொங்கலுக்குக்கூட எட்டிப் பாக்கலியே" என்கிறாள்!

சனிக்கிழமை துணி எடுக்க வந்தாள். கண்ணெல்லாம் உள்ளே போய், தலைகூட வாராமல் வந்தாள். நான் வாசலை மறித்துக்கொண்டேன்.

"ஒம்போது நாளா எங்க இருந்த?"

"இன்னா அண்ணி, இப்பப் போயி கேட்டுகினு? வுடுங்க, நேரமாவுது."

"ஜூடிய பாத்தேன். எவன் வூட்ல இருந்தன்னு சொல்லு."

அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். "சொல்ற நெலமைல நான் இல்ல. சத்தியம் பண்ணிக் குட்த்துகீறேன். ஆனா ஒருநாளு நீங்களே வாயப் பொத்திகினு அழுவீங்க."

"மொதல்ல இந்த வூட்டு மானத்த நெனச்சிப் பாரு" என்றேன்.

"நான் போறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. போறேன் என்றாள். மஜீது சொன்னானே, அதேதான். பூட்டு அவள் பேரை அடித்துவிட்டது. தானாகவே அடித்துவிட்டது. நான் அதில் ஒன்றும் செய்யவில்லை. அவள் வாயால் அவளே கெடுத்துக்கொண்டாள், நான் என்ன பண்ண முடியும்?

நீ மாதக் கடைசியில் வருவாய் என்று சொன்னதால் உன் கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கி வைத்திருக்கிறேன்.

எல்சி


ராயபுரம்,
2 பிப்ரவரி 2026

தம்பிக்கு,

ஜனவரி முடிந்துவிட்டது. நீ வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இங்கே நடந்த அநியாயத்தைக் கேள். வியாழக்கிழமை நான் ஆபீசிலிருந்து வந்து வழக்கம்போல யார் வந்தது என்று கேட்டேன். பூட்டு சொன்னது இது: "இருவர். நாற்பத்தேழு நிமிடங்கள் வாசலில் இருந்தனர். ஒருவரின் குரல் ஏற்கப்படவில்லை. மற்றவர் பேசவில்லை."

குரல் ஏற்கப்படாதவள் அவள்தான். பேசாதவன் யார்? என்ன தைரியம் இருந்தால் அவனை என் வாசலுக்கே கூட்டிவருவாள்? வேம்பு பார்த்திருக்கிறாள். "ஒல்லியா ஒரு ஆளு, கழுத்துல துண்ட சுத்திகினு படில குந்தினு இருந்தாரு. அந்தப் பொண்ணு அழுதுகினே கதவாண்ட பேசிகினு கீது" என்றாள். வெயிலில் எவனாவது கழுத்தைச் சுற்றித் துண்டு போடுவானா? முகத்தை மறைக்கத்தான். பேசினால் பூட்டு குரலைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று பயந்து வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். கள்ளன்!

நல்ல வேளை, அவள் பேர் பூட்டில் இல்லாமல் போனது. இருந்திருந்தால் இரண்டு பேரும் உள்ளே வந்திருப்பார்கள்.

நீ எப்போது வருவாய்?

எல்சி


காலடிப்பேட்டை,
9 பிப்ரவரி 2026

அண்ணிக்கு கிறிஸ்டினா எழுதுவது.

உங்கள் சளி விட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

அது உங்கள் தம்பி.

அவர் கப்பலுக்குப் போகவே இல்லை. அக்டோபரில் தொண்டையில் கட்டி என்றார்கள். மாமாவுக்கு வந்த அதே வியாதி. மூன்று வருஷம் மாமாவைப் பார்த்து நீங்கள் பட்ட பாட்டை இன்னொரு தடவை உங்களுக்குக் கொடுக்க மாட்டேன், குணமாகி வந்து சொல்கிறேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். காலடிப்பேட்டையில் அமீர் அண்ணன் வீட்டு மாடியில் இருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். கஞ்சி அவருக்குத்தான் கொண்டுபோனேன். ஜனவரி எட்டாம் தேதி ஆபரேஷன். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இனி அவருக்குப் பேச்சு இல்லை.

29ஆம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தோம். பூட்டு என் பேரை அடித்துவிட்டதாக நீங்கள் எழுதிய கடிதத்தை நாங்கள் அப்போது பார்த்திருக்கவில்லை. நீங்கள் ஆபீசிலிருந்து வரும்போது அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நான் பேசினேன். "தாங்கள் இவ்வீட்டார் அல்லர்" என்றது பூட்டு. திரும்பத் திரும்பப் பேசினேன். அதையேதான் சொன்னது. அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் என்னை ஒதுக்கிவிட்டுக் கதவுக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. ஆபீசுக்கு ஓடி உங்களைக் கூட்டிவருகிறேன் என்றதற்குக் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்துவிட்டோம்.

உங்கள் கடைசிக் கடிதத்தை அவர் படித்தார். கள்ளன் என்று எழுதியிருந்தீர்கள்.

கிறிஸ்டினா


காலடிப்பேட்டை,
20 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

காயம் ஆறுகிறது. பயப்படாதே. கஞ்சியோடு இப்போது மசித்த இட்லியும் இறங்குகிறது.

நீ இரண்டு தடவை இங்கே வந்து மாடிப்படிக்குக் கீழே நின்றுவிட்டுத் திரும்பிப் போனாய் என்று அமீர் சொன்னான். ஏன் ஏறி வரவில்லை? என் மேல் கோபமா? கோபப்பட வேண்டியதுதான். பூட்டு ஒட்டுக்கேட்கிறது என்றது நான் கட்டிய கதை. அது அப்படியெல்லாம் கேட்காது. போனில் என் குரலைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவாய், அதற்காகத்தான் சொன்னேன். உன் மனசில் சந்தேகத்தை விதைத்தது நான்தான்.

நவம்பரில் செவ்வாய்க்கிழமைதோறும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் வீட்டுக்கு வந்தது நான்தான். வாசலில் நின்று "அக்கா" என்பேன். அது எத்தனை விழுக்காடு என்று சொல்லும். என் குரல் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தேன். அறுபத்தொன்றுக்குக் கீழே கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீ வேவு பார்க்கப்போவதாக எழுதியதும் அதுவே சாக்கு என்று நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வரவேண்டும் அக்கா. ஆனால் ஒன்று. மஜீதை அமீர் விசாரித்திருக்கிறான். அந்தப் பூட்டு தானாகப் பேரை அடிக்காது, முதல் குரலான உன்னிடம் கேட்டு, நீ ஆமாம் என்ற பிறகுதான் அடிக்கும் என்கிறானாம். கிறிஸ்டினா அதைப் பிடித்துக்கொண்டாள். எங்க அக்கா கோபக்காரிதான், அப்படிச் செய்பவள் இல்லை என்று ஸ்லேட்டில் எழுதி எழுதி என் கை ஓய்ந்துவிட்டது. நீயே ஒரு வார்த்தை எழுது. நீ எழுதினால் நம்புகிறேன், அன்றைக்கே வருகிறேன் என்கிறாள். அவள் இல்லாமல் நான் வர முடியாது.

உன் தம்பி,
சாவியோ


ராயபுரம்,
12 மார்ச் 2026

என் தங்கமே, சாவியோ,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. உன்னைக் கள்ளன் என்று எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. பாவி நான். நீ சாகாமல் பிழைத்தாயே, அது போதும் எனக்கு.

அந்தப் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டேன். ஆசாரியைக் கூப்பிட்டுச் சாதாரணப் பூட்டுப் போட்டாகிவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில். பூட்டுதான் செய்தது. என்னை அது ஒன்றும் கேட்கவில்லை. மஜீது சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்? கிறிஸ்டினாவிடம் சொல்.

சீக்கிரம் வாருங்கள்.

அக்கா


காலடிப்பேட்டை,
27 மார்ச் 2026

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். கிறிஸ்டினா உன் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "அண்ணி கைப்பட எழுதிட்டாங்க, அதுக்கு மேல இன்னா" என்றாள். உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று அழுதாள்.

ஈஸ்டர் பூசை முடிந்து பத்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவோம். நான்தான் சொன்னேனே, எங்க அக்கா அப்படிச் செய்பவள் இல்லை என்று.

சாவியோ


ராயபுரம்,
4 ஏப்ரல் 2026, பெரிய சனி

கிறிஸ்டினாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. தபாலில் போட்டால் ஈஸ்டர் முடிந்துதான் கிடைக்கும். அதனால் நானே கொண்டுவருகிறேன். இந்த முறை படி ஏறி வந்து உன் கையில் கொடுப்பேன். நீ படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன்.

மஜீது சொன்னது உண்மை. பூட்டு என்னைக் கேட்டது.

நீ இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் முதலில் கேட்டது. "கிறிஸ்டினா அவர்கள் இவ்வீட்டை விட்டுச் சென்றுவிட்டாரா?" நான் அடுப்படியில் இருந்தேன். "போய்ட்டா" என்றேன். அவசரப்படக் கூடாது என்று அரைமணி விட்டுவிட்டுக் கேட்கும்படி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது தடவை கேட்டபோது என் கோபம் தணிந்துதான் இருந்தது. உன் தலை வாராத முகம்கூட ஞாபகம் வந்தது. இருந்தும், "போனவ போனவதான்" என்றேன். மூன்றாவது தடவை கேட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், உன் பேர் அங்கேயே இருந்திருக்கும். "அவ இந்த வூட்டு ஆளே இல்ல" என்று கத்தினேன். "நன்றி, எல்சி அவர்களே" என்றது.

நேற்று கோவிலில் ஆண்டவரின் பாடுகளை வாசித்தார்கள். அவரைத் தெரியாது என்று சீடன் மூன்று தடவை மறுத்துச் சேவல் கூவும் இடம் வரும் முன்னே எழுந்து வெளியே வந்துவிட்டேன். முட்டி வலி என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்திருப்பீர்கள். கோழி வாங்கியாகிவிட்டது. என் தம்பியை நாற்காலியில் உட்காரவைத்துப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அதைவிட இந்த உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டாம், கிறிஸ்டினா. ஆனால் நீ என்னைத் தப்பாக நினைத்துவிட்டதாக அழுதாய் என்று அவன் எழுதியதைப் படித்ததிலிருந்து என்னால் உன் முகத்தைப் பார்த்துச் சோறு போட முடியாது என்று தெரிந்துவிட்டது. நீ என்னைச் சரியாகத்தான் நினைத்தாய். தப்பாக நினைத்தது அவன். அந்த நாற்பத்தேழு நிமிஷம் உங்களை வெளியே நிறுத்தியது பூட்டு இல்லை, நான்தான்.

வருவதும் வராமல் இருப்பதும் உன் இஷ்டம். இதை அவனுக்கும் காட்டு. அவனுக்கு என்னைத் திட்ட வேண்டும்போல இருக்கும். ஸ்லேட்டில் எழுத விடாதே, அழித்துவிடுவான். அவன் மனசில் இருப்பதையும் சேர்த்து நீ திட்டு. உன் வாயால் சொல், நான் நின்று கேட்கிறேன்.

உன் அண்ணி,
எல்சி